கம்ப்யூட்டர் ஆன் ஆகுது... விண்டோஸ் மட்டும் வரலையா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. கம்பெனி லோகோகூட வந்து போகிறது. அதற்குப் பிறகு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்தான்!

உடனே வீட்டில் ஒரு மாநாடே கூடிவிடும். ‘ஹார்டு டிஸ்க் போயிடுச்சு’ என்பார் ஒருவர். ‘ஒரு ஃபார்மட் போட்டா சரியாயிடும்’ என்பார் இன்னொருவர். பக்கத்துத் தெரு கடைக்குப் போகும் கம்ப்யூட்டர், சாயங்காலத்துக்குள் புத்தம் புது விண்டோஸோடு திரும்பி வந்துவிடும். எல்லோருக்கும் நிம்மதி. ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு படத்தைத் தேடும்போதுதான் விஷயம் தெரியும். பத்து வருடத்துப் போட்டோக்கள், கடைக் கணக்கு, ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள்... எதுவுமே இல்லை!

கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் போவது வேறு. அதற்குள் இருக்கும் ஃபைல்கள் அழிந்துபோவது வேறு. வாசல் பூட்டு திறக்கவில்லை என்பதற்காக, வீட்டுக்குள் இருக்கும் பீரோ காணாமல் போய்விடுவதில்லை. பூட்டைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வீட்டை இடிக்காமல் இருந்தால் போதும். பூட் ஆகாத கம்ப்யூட்டரில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் தொடங்குவது ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப். அதிலுள்ள புரோகிராமுக்குப் பழைய கம்ப்யூட்டர்களில் ‘பயாஸ்’ என்று பெயர். புதியவற்றில் ‘யு.இ.எஃப்.ஐ’. பேச்சு வழக்கில் இரண்டையுமே பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள். ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். பிறகு, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று தன்னிடமுள்ள பட்டியலைப் பார்க்கும். அந்த டிஸ்க்கில் இருக்கும் ‘பூட் லோடர்’ என்ற குட்டி புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பூட் லோடர்தான் விண்டோஸைத் தட்டி எழுப்பும்.

பயாஸ், டிஸ்க், பூட் லோடர், விண்டோஸ் என நான்கு பேர் ஓடும் ஓட்டம் இது. நான்கில் யார் தடுக்கி விழுந்தாலும், நமக்குத் தெரிவது ‘கம்ப்யூட்டர் வரவில்லை’ என்பது மட்டும்தான். டிஸ்க்கே பழுதாவது அதில் ஒரு சாத்தியம், அவ்வளவே.

பழைய முறையில் இந்த பூட் தகவல் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருக்கும். தமிழில் ஒரு சின்ன வாட்ஸ்அப் மெசேஜ் எழுதும் அளவுதான் அது. அந்தத் துளியூண்டு இடம் கெட்டாலே கம்ப்யூட்டர் எழாது. ஆனால், 1 டெராபைட் டிஸ்க்கின் மீதி ஏறத்தாழ 1 லட்சம் கோடி பைட்டும் அப்படியே இருக்கும்.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டில் வந்த ஒரு பிழையான ஃபைலால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. எல்லாம் நீலத் திரையில் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளுக்கு எதுவும் ஆகவில்லை. ‘சேஃப் மோடில்’ நுழைந்து அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் எழுந்துகொண்டன.

முதலில் போனை எடுங்கள்

கடைக்குப் போன் செய்வதற்கு அல்ல, திரையைப் படமெடுக்க! அந்த ஒரு வரி எழுத்துதான் நோயின் அறிகுறி. கடைக்காரரிடம் ‘ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு’ என்று சொல்வதைவிட, படத்தைக் காட்டுவது பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க், மெமரி கார்டு, பிரின்டர் என எல்லாவற்றையும் கழற்றுங்கள். பயாஸின் பட்டியலில் பென் டிரைவ் முதல் இடத்தில் இருந்தால், சில கம்ப்யூட்டர்கள் அதிலேயே விண்டோஸைத் தேடிக்கொண்டு நின்றுவிடும். சொருகியிருந்த பென் டிரைவை உருவியதுமே சரியாகிவிடுவதும் உண்டு.

காதைக் கொடுங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய ரக ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி-யா என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் மேலே மிதந்துகொண்டிருக்கும். இடையில் உள்ள இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்... டிக்...’ என்று சீரான சத்தமோ, உரசுவது போன்ற சத்தமோ கேட்டால் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ‘இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே’ என்ற ஆசை வேண்டாம். முனை தட்டில் உரசினால், ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் படங்கள் இருக்கும் பரப்பு கீறலாகும். அந்த டிஸ்க்கில் முக்கியமானவை இருந்தால், தூசியில்லா அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் போவதுதான் ஒரே வழி. டிஸ்க்கைத் தட்டிப் பார்ப்பது, வீட்டிலேயே திறந்து பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது போன்ற வைத்தியங்கள் எதுவும் வேண்டாம். குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும், உள்ளதும் போகும்.

எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகம் எதுவும் கிடையாது. அதனால் சத்தமும் வராது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் அது நின்றுபோகலாம்.

பயாஸ் கண்ணுக்கு டிஸ்க் தெரிகிறதா?

சத்தம் எதுவும் இல்லையென்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே ஒரு குறிப்பிட்ட பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பயாஸ் திரை வரும். பல கம்பெனி லேப்டாப்களில் அது எஃப்2, ஹெச்.பி-யில் எஃப்10, பெரும்பாலான டெஸ்க்டாப்களில் டெலிட். உள்ளே ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘பூட்’ என்ற பக்கத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. வெளியே வரும்போது ‘சேவ்’ செய்யாமல் வந்தால் போதும்.

டிஸ்க் தெரியவில்லை என்றால்: கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்ததும் மீண்டும் ஆன் செய்து பாருங்கள். டெஸ்க்டாப் என்றால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் பக்கவாட்டு மூடியைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். இடம் மாற்றும்போது கேபிள் தளர்வது சகஜம். வேறு கேபிள் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். வாரன்ட்டியில் இருக்கும் லேப்டாப்பை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம்.

டிஸ்க் தெரிகிறது என்றால்: பாதி நிம்மதி. பூட் வரிசையில் அந்த டிஸ்க்கோ, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதோ முதலிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே கொண்டு வாருங்கள். அப்படியே பயாஸ் காட்டும் தேதியையும் கவனியுங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கலாம். டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் ‘சிஆர்2032’ என்ற 3 வோல்ட் பேட்டரிதான் இருக்கும். அது தீர்ந்தால் பழைய கம்ப்யூட்டர்களில் தேதியோடு சேர்ந்து பூட் வரிசையும் மறந்துபோகும். விலை குறைந்த அந்தப் பேட்டரிக்காக ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பயாஸில் எதையும் மாற்றும் முன் அந்தத் திரையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ‘யு.இ.எஃப்.ஐ’, ‘லெகசி’, ‘ஏ.ஹெச்.சி.ஐ’, ‘ரெய்டு’ என்றெல்லாம் இருப்பவற்றை ‘மாத்தித்தான் பார்ப்போமே’ என்று தொட வேண்டாம். விண்டோஸ் ஏற்றப்பட்டபோது எது இருந்ததோ, அதுவே இருக்க வேண்டும்.

48 இலக்கச் சாவி

புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. ‘பிட்லாக்கர்’ என்ற வசதியின் வேலை அது. லேப்டாப் திருடு போனாலும் உங்கள் ஃபைல்களை யாரும் படிக்க முடியாது. ஆனால், பயாஸில் சிலவற்றை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலோ, அது 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் பல நிறுவனங்களுக்குத் தாமதம் ஏற்பட்டதற்கு இந்த எண்ணைத் தேடி அலைந்ததும் ஒரு காரணம்.

வீட்டு லேப்டாப் என்றால், போனிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயருக்குக் கீழே தேடினால் பெரும்பாலும் அந்த எண் கிடைக்கும். அது இல்லாமல் எந்த மெக்கானிக்காலும் டிஸ்க்கைத் திறக்க முடியாது. எனவே, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

திரையில் வரும் வரி என்ன சொல்கிறது?

‘நோ பூட்டபிள் டிவைஸ்’, ‘பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்’: ஒன்று, பயாஸுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. அல்லது, டிஸ்க் தெரிகிறது, அதில் பூட் தகவல் கிடைக்கவில்லை. எது என்பதை மேலே சொன்ன சோதனை காட்டிக்கொடுக்கும்.

‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’: எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘பூட் மேனேஜர்’ என்பதன் சுருக்கம். டிஸ்க் பதில் சொல்கிறது, பூட் லோடரைத்தான் காணவில்லை. ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

நீலத் திரையில் ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’: விண்டோஸ் எழத் தொடங்கி, பாதியில் டிஸ்க்கைத் தவறவிட்டிருக்கிறது. சமீபத்தில் வந்த அப்டேட், டிரைவர், அல்லது யாரோ மாற்றிய பயாஸ் அமைப்பு காரணமாக இருக்கலாம்.

‘ஸ்மார்ட்’ என்ற சொல்லோடு வரும் எச்சரிக்கை: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் செய்தி இது. இனி அதை நம்ப முடியாது. கிடைக்கும் நேரத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

ரிப்பேருக்கு முன்னால் நகல்

பதறாத காரியம் சிதறாது. டிஸ்க் தெரிகிறது, சத்தமும் இல்லை என்றால், சரிசெய்யும் வேலையைத் தொடங்கும் முன் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, விண்டோஸிலேயே இருக்கிறது. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால், அடுத்த முறை பெரும்பாலும் நீல நிற ரெக்கவரி திரை வரும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, பிறகு ‘கமாண்ட் பிராம்ப்ட்’. வரும் கறுப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் நோட்பேட் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேடில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ போய், ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலிலேயே எல்லா ஃபோல்டர்களும் தெரியும். ரைட் கிளிக் செய்து ‘காப்பி’ எடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ‘பேஸ்ட்’ செய்யலாம். இங்கே ‘சி’ டிரைவின் எழுத்து மாறித் தெரியலாம்; பயப்பட வேண்டாம்.

இரண்டாவது வழி, இன்னொரு கம்ப்யூட்டரில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்வது. ‘ட்ரை உபுண்டு’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ‘இன்ஸ்டால்’ வேண்டாம். லினக்ஸ் இலவசம். உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே ஓடும்.

மூன்றாவது வழி, டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி கேஸ் ஒன்றில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் இணைப்பது. அப்போது, ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்கலாம். ‘கேன்சல்’தான் ஒரே பதில். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் அதே பதில்தான். பல வீடுகளின் ஆல்பங்கள் அழிவது இந்த ஒரு கிளிக்கில்தான்.

எந்த வழியானாலும், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். இறந்துபோன தாத்தாவின் வீடியோ, பிள்ளைகளின் படங்கள், கணக்கு வழக்குகள், சான்றிதழ்கள். சினிமாவும் பாட்டும் வேறெங்காவது கிடைக்கும். அவை கடைசி வரிசையில் நிற்கட்டும்.

இப்போது ரிப்பேர்

நகல் கைக்கு வந்துவிட்டதா? இனி தைரியமாக இறங்கலாம். அதே நீலத் திரையில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்று இருக்கும். பூட் லோடர் பிரச்னைகள் பலவற்றை அதுவே சரிசெய்துவிடும். அந்தத் திரையே வரவில்லை என்றால், இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை உருவாக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து பூட் செய்ததும் ‘இன்ஸ்டால்’ பட்டனை விட்டுவிட்டு, ‘ரிப்பேர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

யூடியூபில் பலரும் சொல்லும் ‘செக் டிஸ்க்’ கட்டளை நல்ல டிஸ்க்குக்கு மருந்து. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு விஷம். டிஸ்க் முழுவதையும் படித்து, கெட்ட இடங்களில் திருத்தி எழுதும் வேலை அது. நகல் எடுக்கும் முன் அதை ஓட்ட வேண்டாம்.

எதற்கும் அசையவில்லை என்றால் ‘ரீசெட் திஸ் பிசி’. அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்த ஃபைல்கள் இருக்கும். நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். ஃபார்மட் என்பது இதற்கும் பிறகு வரும் கடைசிப் படி.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

இவ்வளவும் நமக்கு ஆகாது, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் அதில் தவறே இல்லை. ஆனால், மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒன்று, ‘டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’. இதை வாயால் சொன்னால் போதாது. ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு, டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க் உங்கள் கைக்கு வர வேண்டும். இன்று படிக்க முடியாத டிஸ்க்கை நாளை வேறொருவரால் படிக்க முடியலாம். அதில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கலாம். மூன்று, வாரன்ட்டியில் கொடுக்கும்போது விதிமுறையைக் கேளுங்கள். வாரன்ட்டி என்பது பொதுவாக டிஸ்க்குக்குத்தான். அதற்குள் இருக்கும் படங்களுக்கு அல்ல. புது டிஸ்க் தரும்போது பழையதை நிறுவனமே வைத்துக்கொள்வதும் உண்டு.

ஒரே ஒரு நகல் என்பது நகலே அல்ல

போனில் இடமில்லை என்று எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவது நம்மில் பலரது பழக்கம். ‘சிஸ்டத்துல ஏத்தி வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கு’ என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில், ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு முட்டைகளை மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். அந்தக் கூடையும் ஒருநாள் உடையும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய ‘3-2-1’ என்ற எளிய விதி ஒன்று உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலோ ஊரிலிருக்கும் அக்கா வீட்டிலோ ஒன்று. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் சொருகியே இருந்தால், கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸும் மின்னலும் அதையும் சேர்த்தே தாக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 48 இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எழுதி வையுங்கள். திரும்பக் கிடைக்காத படங்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்ததில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். இந்த இரண்டு வேலையும் முடிந்துவிட்டால், என்றாவது ஒருநாள் அந்தக் கறுப்புத் திரை வந்தாலும் அது வெறும் ரிப்பேர் செலவுதான், இழப்பு அல்ல.